சிறுத்தை நாட்டுக்குப் போன நம் ஊர் ஆட்கள்



போன இதழில் சேதுக்கரை பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் நேரிலும் போனிலும் பேசினீர்கள், நன்றி. இந்த இதழுக்கு உப்பளங்களைப் பற்றி எழுதுவதாக ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழு.

சென்ற மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு, பின் கேட்டுக்கு வெளியே சீமைக்கருவேலப் புதர் ஓரமாக ஒரு மிருகம் நிற்பதாக யாரோ படம் போட்டீர்கள். மங்கலான படம், இரண்டு கண் மட்டும் மின்னியது. பத்தே நிமிடத்தில் அது சிறுத்தை என்று முடிவாகிவிட்டது. "கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடச் சொல்லுங்கள்" என்று ஒருவர். "காட்டில் விட்டால் திரும்பி வரும், சுட்டுத் தள்ள வேண்டும்" என்று இன்னொருவர். பதினோரு மணிக்குள் நூற்றுக்கு மேல் செய்தி வந்துவிட்டது. காலையில் வாட்ச்மேன் தடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். காட்டுப்பூனை. எலி பிடிக்க வருவது. நம் மாவட்டத்தில் சிறுத்தை கிடையாது. நமக்குப் பக்கத்துப் புலிகள் காப்பகம் என்றால் 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைதான்; அது மதுரையும் விருதுநகரும் தாண்டி இருக்கிறது.

விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் "பிடி, விடு, சுடு" என்ற அந்த மூன்று சொற்கள் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. காரணம் என் அப்பத்தா. அவர் பிறந்தது திருப்புல்லாணிப் பக்கம். வாழ்க்கையில் பாதி கழிந்தது சிறுத்தை நடமாடும் மலையில்.

நம் ஊரின் பெயரிலேயே புல் இருக்கிறது. தர்ப்பைப் புல் காடாக இருந்ததால் புல்லாரண்யம் என்று தல வரலாறு சொல்லும். புல் இருந்தது, மழை இல்லை. சீமையில் பஞ்சம் வரும்போதெல்லாம் ஆட்கள் கிளம்பினார்கள். இலங்கையில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட ஆரம்பித்த 1830கள் தொட்டு, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் கங்காணியின் பின்னால் நடந்தார்கள். தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து மாத்தளை வரை சுமார் 150 மைல் காட்டுவழி. அந்த வழியில் செத்தவர்கள் ஏராளம். சிறுத்தையும் யானையும் அடித்தவர்கள் அதில் கொஞ்சம்தான். பெரும்பாலோரைக் கொண்டுபோனது காலராவும் காய்ச்சலும் பட்டினியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிருகம் அடித்த சாவு ஊரெல்லாம் பேச்சாகும், காலராச் சாவு கணக்கில் ஓர் எண்ணாக நின்றுவிடும். அன்றும் இன்றும் அப்படித்தான்.

1914ல் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருடம் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓட ஆரம்பித்தது. அதன்பின் மண்டபம் முகாமில் தங்கவைத்து, மருத்துவம் பார்த்து அனுப்பினார்கள். அப்பத்தா அந்த வழியாகத்தான் கல்யாணமாகிப் போனார். மண்டபத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியதை எண்பது வயதிலும் முகம் சுளித்துக்கொண்டு சொல்வார்.

காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்தபின் வேலை வருடம் முழுவதும் இருந்தது. ஆட்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். அவர்களுக்குக் கட்டியவைதான் லயன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. முன்னால் தேயிலை, பின்னால் ஓடை, ஓடை தாண்டினால் காடு. வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது.

லயத்து மக்கள் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வார்கள். இலங்கையில் வரிப்புலி இல்லாததால் குழப்பம் இல்லை. அப்பத்தா புலியைப் பார்த்தது ஆயுளில் மூன்று தடவையோ நான்கு தடவையோதான். ஆனால் அதற்கென்று அவர் வைத்திருந்த சட்டதிட்டம் நம் சங்கத்து பைலாவைவிடப் பெரியது. பொழுது இறங்கினால் பிள்ளைகள் வாசலில் இருக்கக் கூடாது. வெளிக்குப் போவதென்றால் இருவராகப் போக வேண்டும், ஒருவர் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டையும் நாயையும் இரவில் வெளியே கட்டக் கூடாது. கோழிக் குடலை வாசலில் போடக் கூடாது. லயத்தைச் சுற்றி இடுப்பளவு புதர் வளர விடக் கூடாது. நாய் குரைத்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றால் கதவைச் சாத்து.

இன்னும் ஒன்று உண்டு, அதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து புதிதாக ஆள் வந்தால், முதல் நாள் சாயங்காலம் லயத்துப் பெண் ஒருத்தி அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவாராம். இது பீலி, இது வெளிக்குப் போகிற இடம், இதற்கு அப்பால் பிள்ளையை விடாதே. அப்பத்தாவுக்கும் அப்படி ஒருத்தி காட்டியிருக்கிறாள். பிற்பாடு அப்பத்தா பலருக்குக் காட்டியிருக்கிறார்.

பெரியவனானபின் இது எவ்வளவு சரி என்று படித்துத் தெரிந்துகொண்டேன். சிறுத்தை இருட்டில் வேட்டையாடுவது. நாய், ஆடு, குரங்கு, முள்ளம்பன்றி, கேளையாடு என்று தன்னால் தூக்க முடிகிற உருவத்தைத் தேடுவது. நிமிர்ந்து நடக்கும் பெரிய ஆள் அதன் கண்ணுக்கு இரை அல்ல. குனிந்திருப்பவரோ, தனியாக விளையாடும் சின்னக் குழந்தையோ அப்படி இல்லை.

அதே காலத்தில் சர்க்கார் வைத்திருந்த வழி வேறு. பரிசுப் பணம். புலியோ சிறுத்தையோ கொன்று, தோலையோ தலையையோ கொண்டுவந்து காட்டினால் கஜானாவில் ரூபாய். எங்கள் பாஷையில் சொன்னால், பொருளை ஒப்படை, வவுச்சரில் கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கிக்கொள். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கு மேல் புலிகளும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிறுத்தைகளும், இரண்டு லட்சம் ஓநாய்களும் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார்.

இவ்வளவு கொன்றபின் ஜனங்களுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? ஜிம் கார்பெட் 1907ல் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 பேர். 1926ல் அவர் சுட்ட ருத்ரபிரயாக் சிறுத்தையின் கணக்கில் 125 பேர். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் புனானையில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் கொன்ற சிறுத்தையை 1924ல் ஷெல்டன் ஏகர் என்பவர் சுட்டார். அவ்வளவும் பரிசுப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்துக் கதைகள்தான். குறிப்பிட்ட ஓர் ஆட்கொல்லியைத் தேடிச் சுடுவது வேறு, கண்ட சிறுத்தையையெல்லாம் கொல்வது வேறு. முதலாவது சில சமயம் தவிர்க்க முடியாது. 2014 ஜனவரியில் ஊட்டி தொட்டபெட்டாப் பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டாவதில் குற்றம் செய்யாத நூறு போகும், குற்றம் செய்தது புதருக்குள் இருக்கும்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறுவருடம் ஏப்ரல் 1ல் புலிகள் திட்டம். சுடுவது நின்றது. நல்ல காரியம்தான். ஆனால் சுடாமல் லயத்துக் குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி என்று அன்றைக்கு யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

தாத்தா குடும்பம் நாற்பதுகளில் ஊர் திரும்பிவிட்டது. அப்பத்தாவின் தங்கை குடும்பம் அங்கேயே இருந்தது. 1964ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதிவிட்டார்கள். வருபவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். பிறகு அது டான்டீ ஆனது. சின்ன அப்பத்தா வீட்டார் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் தங்கி, கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மறுபடியும் லயன். மறுபடியும் புலி. இந்த முறை யானையும் சேர்ந்துகொண்டது.

வேலையில் சேர்ந்த புதிதில் லீவு போட்டுவிட்டு அவர்களைப் பார்க்கப் போனேன். சாயங்காலம் காற்றாட நடக்கலாம் என்று செருப்பை மாட்டினேன். சின்ன அப்பத்தா, "எங்கய்யா போற? பொழுது எறங்குதுல்ல, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தார். பேங்க் உத்தியோகஸ்தன் என்ற மரியாதையெல்லாம் அங்கே செல்லவில்லை.

அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இப்போது திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். கூடலூர், பந்தலூர், வால்பாறை எங்கும் இதே கதை. படித்த பிள்ளைகள் மலையிறங்கிவிட்டார்கள். தேயிலை பறிக்க ஆள் இல்லை. அந்த லயன்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள்.

இப்போது சில தேதிகள். 2024 ஜனவரி 6, பந்தலூர்: தாயோடு வந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. அதே ஆண்டு அக்டோபர், வால்பாறை: ஆறு வயதுச் சிறுமி. 2025 ஜூன் 20, வால்பாறை: சாயங்கால நேரத்தில் வீட்டருகே இருந்த நான்கு வயதுச் சிறுமி, உடல் கிடைத்தது மறுநாள். மூன்று குடும்பமும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவை.

சிறுத்தைக்கு மாநிலம் தெரியாது. அப்படியானால் ஏன் இந்த வரிசை? புதிதாக வந்தவர்கள், மொழி தெரியாதவர்கள், காட்டை ஒட்டிய கடைசி லயத்தில் இருப்பவர்கள் என்று எனக்குத் தெரிகிற காரணங்கள் எளியவைதான். முதல் நாள் சாயங்காலம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிற பெண் அங்கே இருந்தாளா? இருந்தாலும் அவள் எந்த மொழியில் சொல்வாள்?

பந்தலூரில் ஜனங்கள் சாலையை மறித்தார்கள்; மறுநாளே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, சிறுத்தையை வண்டலூருக்கு அனுப்பினார்கள். வால்பாறையிலும் சில நாளில் கூண்டில் ஒன்று சிக்கியது. அந்த நேரத்தில் அது செய்யத்தான் வேண்டும், பெற்றவர்கள் முன்னால் நின்று தத்துவம் பேச முடியாது. ஆனால் பிடிபட்டதோடு பாக்கி தீர்ந்துவிட்டது என்று பேரேட்டை மூடிவிடுகிறோம், அங்கேதான் தப்பு.

ஏன் தப்பு என்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. புனே அருகே ஜுன்னர் என்ற பகுதி. பாசனம் வந்து கரும்பு செழித்தது, கரும்புக்குள் சிறுத்தை குட்டி போட ஆரம்பித்தது. 1993 முதல் 2001 வரை மனிதர்கள் மீதான தாக்குதல் வருடத்துக்குச் சராசரி நான்கு. பயந்துபோய், வயலில் கண்ட சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள், மொத்தம் 29. அதற்குப் பிறகு 2003 வரை தாக்குதல் வருடத்துக்குச் சராசரி பதினேழு. வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கணக்குப் போட்டு 2011ல் வெளியிட்டார்கள். நான்கு எப்படிப் பதினேழானது? பிடிக்கப்பட்ட சிறுத்தை அதுவரை ஒருவரையும் தொட்டிராது. அதைத் தெரியாத ஊரில், காயத்தோடும் மிரட்சியோடும், வேறொரு சிறுத்தையின் எல்லைக்குள் இறக்கிவிட்டால் அது என்ன செய்யும்? அது காலி செய்த இடமும் காலியாக இருக்காது, இன்னொன்று வந்துவிடும். வாராக் கடனை ஒரு கிளையின் புத்தகத்திலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றி எழுதுவது போலத்தான். வட்டி ஏறுமே தவிரக் கடன் போகாது.

நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள் கவனிக்க வேண்டியது மும்பையை. போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சுமார் 104 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் பத்து மாடி, இருபது மாடிக் கட்டடங்கள், இடையில் குடிசைகள், ஆதிவாசிப் பாடாக்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், முக்கியமாக 2004ல், அங்கே சாவு மேல் சாவு. வெளியே பிடித்த சிறுத்தைகளை அந்தப் பூங்காவில் கொண்டுவந்து விட்டதும் காரணங்களில் ஒன்று என்கிறார்கள்.

2011ல் பூங்கா இயக்குநராக இருந்த சுனில் லிமாயே வேறு வழி பார்த்தார். வித்யா ஆத்ரேயாவையும் நகரத்து ஆர்வலர்களையும் சேர்த்துக்கொண்டு 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்.ஜி.என்.பி.' என்று ஒரு திட்டம். அதில் கூண்டு முதல் வேலை அல்ல. முதல் வேலை, போலீசாரிடம் பேசுவது: சிறுத்தை தெரிந்தால் அதைத் துரத்தாதீர்கள், கூட்டத்தைத் துரத்துங்கள். அடுத்து நிருபர்களிடம் பேசினார்கள், தெரிந்ததையெல்லாம் 'ஆட்கொல்லி' என்று எழுதாதீர்கள் என்று. பிறகு குடியிருப்போர் சங்கங்கள். குப்பையை மூடி வையுங்கள், குப்பை இருந்தால் நாய் வரும், நாய் இருந்தால் சிறுத்தை வரும். விளக்குப் போடுங்கள். குழந்தையைத் தனியே விடாதீர்கள். ஏறக்குறைய அப்பத்தாவின் சட்டதிட்டம்தான், பவர்பாயிண்ட்டில்.

2015ல் தானியங்கி கேமரா வைத்து எண்ணியபோது அந்தப் பூங்காவிலும் சுற்றிலும் 35 சிறுத்தைகள். 2018ல் 47. எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் 2004 போன்ற ஒரு வருடம் மறுபடி வரவில்லை. முழுக்க ஓய்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆரே காலனியில் 2021ல் அடுத்தடுத்துத் தாக்குதல்கள். 2022 தீபாவளி அன்று ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை ஒன்று பலியானது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை இது. ஒரு வருடம் சொல்லாவிட்டால் அடுத்த வருடம் தெரிந்துவிடும்.

(தெருநாய் பிரச்சினையில் நம் சங்கமே இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் ஒரு தகவல்: மும்பைச் சிறுத்தைகள் வருடத்துக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதாகவும், அதனால் ஆயிரம் நாய்க்கடி வரை தவிர்க்கப்படலாம் என்றும் 2018ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அடுத்த பொதுக்குழுவில் யாரும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டாம்.)

கூட்டத்தைத் துரத்துங்கள் என்று மும்பைப் போலீசுக்கு ஏன் சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமானால் கிளிநொச்சியைப் பார்க்கலாம். நம் கரைக்கு எதிர்க்கரை. 2018 ஜூன் 21ல் அம்பாள்குளம் பகுதிக்குள் ஒரு சிறுத்தை வந்துவிட்டது. ஊரே திரண்டு சூழ்ந்தது. சுமார் பத்துப் பேர் காயப்பட்டார்கள். கடைசியில் அடித்தே கொன்று, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கைது, வழக்கு என்று போனது. ஓடிவிட வழி விட்டிருந்தால் அது போயிருக்கக் கூடும். நம் கொங்கு நாட்டிலும் தருமபுரிப் பக்கமும் புலிக்குத்திக் கல் நிறைய உண்டு. புலியோடு ஒற்றையாக மோதிச் செத்தவனுக்கு ஊர் நட்ட நடுகல். அவன் செய்தது மாட்டையும் மக்களையும் காக்க. செல்போனைத் தூக்கிக்கொண்டு சூழ்கிற நமக்கு யாரும் கல் நடப்போவதில்லை.

தமிழ்நாட்டில் 2022 கணக்கெடுப்புப்படி 1,070 சிறுத்தைகள். 2018ல் 868 இருந்தன. இவற்றில் பல, காப்பகத்துக்குள் மட்டும் இருப்பவை அல்ல. வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை. அங்கே சிறுத்தையை இல்லாமலாக்க முடியாது, தேயிலையையும் எடுத்துவிட முடியாது. முடிவது என்னவென்றால் லயத்துக்குள் கழிப்பறை, வாசலில் விளக்கு, சுற்றிலும் புதர் வெட்டல், இறைச்சிக் கழிவுக்கு மூடிய தொட்டி, பெற்றோர் வேலையில் இருக்கும்போது குழந்தைக்குக் காவல். இதில் ஒன்றுகூடச் செலவு என்று சொல்லும்படியான செலவு அல்ல. பந்தலூர்க் குழந்தையின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்தத் தொகையில் எத்தனை லயத்துக்கு விளக்குப் போடலாம் என்று முப்பத்தைந்து வருடம் கூட்டல் கழித்தல் போட்டவனுக்குக் கணக்கு ஓடத்தான் செய்யும். கணக்கு போட்டதும் வெட்கமாகவும் இருந்தது.

கடைசியாக நம் வளாகத்துக்கு வருகிறேன். பின் கேட்டுக்கு அப்பால் புது பிளாக் கட்டுகிறவர்கள் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். நான்கு குடும்பம், இரண்டு ஜார்க்கண்ட், இரண்டு ஒடிசா, சின்னப் பிள்ளைகள் ஐந்து. சிறுத்தை இல்லைதான். ஆனால் அந்தப் புதரில் கட்டுவிரியன் உண்டு. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்தது வலிக்கக்கூட வலிக்காது. நமக்கெல்லாம் தெரியும். அவர்களுக்கு யாராவது சொன்னோமா என்று யோசித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் வாட்ச்மேனும் போனோம். ஹிந்தியில் எனக்கு வருவது பேங்க் ஹிந்தி, படிவம் நிரப்புகிற அளவு. பாம்பு என்பதைக் கையால் நெளித்துக் காட்டினேன். அந்தப் பெண்கள் சிரித்துவிட்டு, தங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் இங்கே எந்தப் பக்கம் வரும் என்று தெரியவில்லை என்றார்கள். சுற்றிக் காட்டினோம். தரையில் படுக்காதீர்கள் என்றோம். கட்டில் இல்லை என்றார்கள். இரண்டு பழைய கட்டில் நம் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, செயலாளர் அனுமதித்தால் கொடுத்துவிடலாம். வீட்டில் பயன்படாத கொசுவலை இருப்பவர்கள் வாட்ச்மேனிடம் தரலாம்.

பின் கேட் விளக்கு பியூஸ் போய் ஆறு வாரம் ஆகிறது. புகார்ப் புத்தகத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.